படிக்கட்டுத் தெருக் குழியின் பொறுப்பாளர்கள்

எங்கள் குடிநீர் நிறுவனம் படிக்கட்டுத் தெருவில் அந்தக் குழியை ஓர் ஆகஸ்டு மாதத்தில் தோண்டியது. கசிவைத் தேடித் தோண்டியது. கசிவு அடுத்த தெருவில் இருந்தது. ஆட்கள் மண்வெட்டிகளைத் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். குழியைத் தோளில் வைத்துக்கொண்டு போக வழியில்லாததால் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் விளிம்பில்தான் தோன்யா பசிலியாவின் அபிக் கடை. கடை என்பது ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஊதாச் சோளக் கஞ்சி கொதிக்கும் ஒரு செம்பு அண்டா, மேலே ஒரு தார்ப்பாய். குழி வருவதற்கு முன்பு கடைக்கு முன்னால் நான்கு பேர் நின்று அபி குடிக்கலாம். வந்த பிறகு ஒருவர் நிற்கலாம். அவரும் பக்கவாட்டில் நிற்க வேண்டும். மழை தொடங்கினால் மேட்டிலிருந்து இறங்கும் வெள்ளம் முதலில் விளிம்பை அரிக்கும், பிறகு மேசையை இழுக்கும். வேறிடம் போகலாமே என்றால் சந்தைச் சங்கத்தில் ஒருவருக்கு ஓரிடம்தான். அதைவிட்டு எழுந்தவருக்கு மறு இடம் கிடையாது. ஆகவே மழைக்கு முன்பு குழி மூடப்பட வேண்டும். பசிலியா கேட்டது இவ்வளவுதான்.

அதைக் கேட்க அவர் தினந்தோறும் காலையில் எங்கள் புகார்ச் சாளரத்துக்கு வந்தார். சாளரத்துக்கு உட்புறம் ஃப்ளோரென்சியோ தார்கி உட்கார்ந்திருந்தார். புகாரைக் கேட்பதும், வருந்துவதும், மேலே சொல்லுவதும் அவருடைய வேலை.

“என்ன கசேரோ, என் குழி எப்படி இருக்கு?” என்பார், கடைக்கு வரும் வாடிக்கைக்காரரை அழைப்பதுபோல.

“உங்க குழி இல்லக்கா, நிறுவனத்துக் குழி.”

“அப்படியா? அப்ப நிறுவனத்த வரச் சொல்லு. அதோட சாமான அது எடுத்துக்கிட்டுப் போகட்டும்.”

“மேல சொல்லியிருக்கேன்க்கா.”

“ஆகஸ்டுல பூமி வாயத் தொறக்கிறா, சரி. நம்ம பூமித்தாய் பாச்சமாமாவுக்குப் பசி. படையல் வச்சா மூடிக்கிறா. உங்க ஆபீஸ் தொறந்த வாய மூடுறதுக்கு எவனுக்குப் படையல் வைக்கணும், அதச் சொல்லு.”

தார்கி மேலே சொன்னார். மேலே இருந்தவர்கள் பக்கத்தில் சொன்னார்கள். யார் தோண்டியது என்று கேட்டால் எங்கள் நிறுவனத்தில் எவருக்கும் நினைவில்லை. யார் மூடுவது என்று கேட்டால் எல்லோருக்கும் வேறொருவர் நினைவுக்கு வந்தார்.

இந்த நிலையைத்தான் இயக்குநர், எஞ்சினியர் உரியோஸ்தே, மாற்ற முடிவு செய்தார். சாந்தா குரூஸில் நீச்சல் குளமுள்ள ஒரு விடுதியில் பணியிடப் பொறுப்புணர்வு பற்றிய கருத்தரங்கு நடந்தது. அவர் அதிலிருந்து சிவந்த மூக்குடனும் ஒரு பயிற்சியாளருடனும் திரும்பினார். பயிற்சியாளரின் பெயர் மரியேலா ஹூஸ்தினியானோ. பட்டம் பெற்றவர் என்பதால் எங்களுக்கு அவர் ‘லிசென்சியாதா’. எங்களைக் கூடத்தில் நிறுத்தி வைத்து இயக்குநர் பேசினார்.

“நண்பர்களே, ஒரு நிறுவனம் எதுக்காவது பொறுப்பேற்க முடியுமா? முடியாது. நிறுவனம்ங்கிறது ஒரு கட்டடம். கட்டடத்துக்கு மனசாட்சி கிடையாது. மனசாட்சி தனி மனுஷனுக்குத்தான் உண்டு. அதனால இனிமே எல்லாப் பொறுப்பும் தனி மனுஷனுக்குத்தான். அப்ப நான் என்னன்னு கேட்பீங்க. சட்டம் தெளிவாச் சொல்லுது, இயக்குநர்தான் நிறுவனம்.”

நாங்கள் கைதட்டினோம்.

அடுத்த வாரம் ஒவ்வொரு பிரிவிலும் முக உயரத்தில் ஒரு நிலைக்கண்ணாடி மாட்டப்பட்டது. கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தில் ‘இதோ பொறுப்பாளர்’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. காலையில் வந்ததும் அதன் முன்னால் நின்று, நெஞ்சில் கைவைத்து, ‘நானே பொறுப்பு’ என்று சொல்ல வேண்டும். சொன்னோம், சொல்லிவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டோம். இயக்குநர் அறையில் மட்டும் கண்ணாடி இல்லை. அங்கே அதை மாட்டக்கூடிய ஒரே சுவரில் பனிமலை தெரியும் சன்னல் இருந்தது.

மரியேலாவுக்குத் திருப்தி இல்லை. நாங்கள் சொல்கிறோமே தவிர ஏற்கவில்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

“உங்க ஊர்ல ஜனங்க தானா முன்வந்து, சந்தோஷமா, ஒரு சுமையத் தோள்ல ஏத்துக்கிற வழக்கம் எதாச்சும் இருக்கா?” என்று ஒருநாள் பயிற்சியின் நடுவே கேட்டார்.

குழி தோண்டும் ஆட்களின் மேஸ்திரி ரெமிஹியோ கை தூக்கினார். “பிரெஸ்தே இருக்கே, லிசென்சியாதா.”

“அப்படின்னா?”

“புனிதருக்குத் திருவிழா எடுக்கிறவன். ஒரு வருஷத்துக்கு ஒருத்தன். தோள்ல பட்டை போட்டுக்கிட்டு, பேண்டு, சாப்பாடு, பீர் எல்லாம் அவன் ஏற்பாடு. விருந்துக்கு வர்றவன் எவனும் கைய வீசிட்டு வரமாட்டான். கடைசியில பட்டையக் கழட்டி அடுத்தவனுக்குப் போடுவான்.”

“வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லிட்டு அந்தத் தெருவுல எப்படி நடக்கிறது?”

மரியேலாவின் கண்கள் கலங்கின. “ரெண்டு பட்டம் வாங்கி நான் தேடிக்கிட்டிருந்தது இதத்தான்!”

அவர் தாழ்நிலத்துக்காரர், எங்கள் மலையூர் வழக்கங்கள் அவருக்குப் புதிது. பிரெஸ்தே மறுநாள் காலையில் என்ன செய்வான் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் அவன் தூங்குவான்.

இவ்வாறாகக் குழிக்கு ஒரு பிரெஸ்தே கிடைத்தார். தோண்டியவர் என்ற முறையில் ரெமிஹியோவே முதல்வர். திருவிழாவைப்போல ஒரு வருடம் காத்திருக்க நிர்வாகத்துக்குப் பொறுமை இல்லாததால் பொறுப்புக்காலம் ஒரு மாதம் ஆக்கப்பட்டது. ஊதாப் பட்டுப் பட்டையில் ‘குழிப் பொறுப்பாளர்’ என்று சரிகையில் தைத்து இயக்குநர் தம் கையாலேயே அணிவித்தார். ரெமிஹியோவின் தலையில் வண்ணக் காகிதத் துகள்களைக் கொட்டினோம். தோண்டிப் போட்ட மண்மேட்டின் மேல் பேண்டுக்காரர்கள் ஏறி நின்று வாசித்தார்கள். பீரின் முதல் மிடறைப் பாச்சமாமாவுக்காகக் குழிக்குள் ஊற்றினோம். பிறகு மொரெனாதா ஆட்டம். கனத்த பூட்சுகளுடன் வரிசையாகத் திரும்பித் திரும்பி ஆடியதில் குழியின் விளிம்பு ஒரு சாண் உள்ளே விழுந்தது. பசிலியா மேசையைப் பின்னுக்கு இழுத்துச் சுவரோடு ஒட்டினார். மண்மேடு வாத்தியக்காரர்களின் காலுக்கடியில் சரிகிறது என்று புகார் வந்ததால், அதை மறுநாளே நிறுவன லாரி அள்ளிக்கொண்டு போனது. எங்கே என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தார்கி மட்டும் ரெமிஹியோவிடம் வேறொன்றைக் கேட்டார்.

“அண்ணே, குழி?”

“குழிக்கு என்ன?”

“இன்னும் மூடல.”

“தம்பி, நான் சந்தியாகோ சாமிக்குப் பிரெஸ்தேயா இருந்த வருஷம், அவரோட சிலைக் குதிரைக்கு ஒரு கால் ஒடஞ்சு கெடந்துச்சு. என்னை யாராச்சும் கால ஒட்டச் சொன்னாங்களா? பேண்டு வச்சேன், பீர் வச்சேன், ஆடினேன். பொறுப்பு முடிஞ்சுது. சாமியே ஒண்ணும் கேக்கல, நீ கேக்கிற.”

இந்த வாதத்தில் எங்கள் நிறுவனத்தில் எவராலும் குற்றம் காண முடியவில்லை.

அடுத்த பொறுப்பாளர் கணக்குப் பிரிவிலிருந்து வந்தார். அவருடைய பேண்டு இன்னும் பெரியது, ஆடியவர்களும் அதிகம். குழியோரம் ஒரு பலகை நட்டு அதில் அவருடைய நிழற்படத்தை ஒட்டினார்கள். நிறுவனத்தில் பொறுப்புணர்வு கணிசமாக உயர்ந்துள்ளதாக மரியேலா அறிக்கை தந்தார். குழியின் அகலமும் உயர்ந்திருந்தது. இதற்குள் நகரத்தின் மற்ற உடைப்புகளுக்கும் பிரெஸ்தேக்கள் வந்துவிட்டார்கள். கல்லறைத் தெருவில் ஒரு குழாய் வாரக்கணக்கில் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பாளராக ஓர் அம்மையார் பட்டையணிந்து, குடைபிடித்து, அதன் அருகே நின்று வணக்கம் பெற்றுக்கொண்டார். எங்கள் நகரத்தில் அந்நாளில் அநாதையான கசிவு என்று ஒன்றுகூட இல்லை.

நவம்பரில் படிக்கட்டுத் தெருக் குழியின் பட்டை தார்கியின் தோளுக்கு வந்தது. முந்தைய இருவரின் விருந்திலும் குடித்தவர்; மறுக்க வழியில்லை. ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. அவர் அந்தப் பட்டையில் எழுதியிருந்ததை நம்பினார்.

“லிசென்சியாதா, நான் இப்ப என்ன பண்ணணும்?”

“பண்றது அப்புறம், ஃப்ளோரென்சியோ. முதல்ல குழிய உணரணும். குனிஞ்சு உள்ள பாருங்க. என்ன தெரியுது?”

தார்கி குனிந்து பார்த்தார். “சாக்கடத் தண்ணி. ஒரு செத்த நாய்.”

“இல்ல. நல்லாப் பாருங்க. நீங்கதான் தெரியிறீங்க.”

தார்கி இன்னொருமுறை பார்த்தார். அந்த அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இல்லை.

அவர் கிடங்குக்குப் போனார். கிடங்குக் காப்பாளர் செனோபியோ ஒரு மணற்குவியலின் முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அவர் தோளிலும் ஒரு பட்டை.

“கொஞ்சம் மணல் வேணும், செனோபியோ. குழியில போட.”

“மணலுக்கு நான் பொறுப்பு.”

“தெரியும். அதான் உன்கிட்ட கேக்கிறேன்.”

“நான் குடுத்தா குழிக்குள்ள கெடக்கிறது யார் மணல்? என் மணல். அப்ப குழிக்கு நானும் பொறுப்பாளி ஆயிடுறேன். லிசென்சியாதா குடுத்த கையேட்டப் படிச்சியா இல்லையா? ‘பகிர்ந்த பொறுப்பு பாதிப் பொறுப்பு.’ உன்னோடதப் பாதியாக்குற பாவம் எனக்கு வேண்டாம்ப்பா.”

“அப்ப இந்த மணல் எதுக்குத்தான் இருக்கு?”

“எண்ணிப் பாக்கிறதுக்கு,” என்றார் செனோபியோ, கேலி சிறிதும் இன்றி.

தார்கி இயக்குநரிடம் போனார். இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கைவைத்தார். பட்டை கசங்காதவாறு வைத்தார்.

“தார்கி, ஒரு லாரி மணல் குடுக்கிறது எனக்கு ஒரு கையெழுத்து. ஆனா குடுத்தா என்ன ஆகும்? உங்க பொறுப்ப நான் திருடினதா ஆகும். என் தாத்தா நிலத்தத் திருடினார்னு சொல்லுவாங்க, என் மாமா கடன் வாங்கித் திருப்பித் தரலன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரு ஏழையோட பொறுப்ப எங்க குடும்பத்துல இதுவரைக்கும் எவனும் தொட்டதில்ல.”

தார்கி தலைகுனிந்தார், குனிந்த தலை சன்னல் பக்கம் திரும்பியது. கீழே இயக்குநரின் வண்டி நிறுத்துமிடம். அது புதிதாகச் சமன் செய்யப்பட்டிருந்தது. செம்மண்ணில் இங்கும் அங்கும் மஞ்சளும் பச்சையும் ரோஜா நிறமுமாய்ப் பொட்டுப்பொட்டாகக் காகிதத் துகள்கள். ரெமிஹியோவின் தலையில் தார்கியே கொட்டியவை.

“ஐயா, அந்த மண்ணு…”

“நல்லா மட்டமா இருக்குல்ல? முன்னாடியெல்லாம் வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு நிக்கும். முதுகே போச்சு எனக்கு.”

அந்த மண்ணுக்குப் பொறுப்பாளர் யார் என்று தார்கி கேட்கவில்லை. நன்மைகளுக்குப் பொறுப்பாளர் தேவையில்லை என்று கையேட்டிலேயே இருந்தது.

மறுநாள் பசிலியா சாளரத்துக்கு வரவில்லை. தார்கிதான் கடைக்குப் போனார். மலைமுகட்டில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பசிலியா எழுந்திருக்கவில்லை.

“எந்திரிக்க முடியாது கசேரோ. மேசைக்கு ஒரு கால் அந்தரத்துல நிக்குது. அதுக்கடியில என் கால வச்சிருக்கேன்.”

தார்கி குனிந்து பார்த்தார். அவர் சொன்னது உண்மை.

“உன் போட்டோ நல்லா விழுந்திருக்கு பலகையில,” என்றார் பசிலியா. “பலகையும் நல்லா விழுந்துச்சு, நேத்து குழிக்குள்ள. நான்தான் எடுத்து நட்டேன். நாயி பக்கத்துல கெடந்தே, பாவமா இருந்துச்சு.”

தார்கி மேசைக்காலுக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு அலுவலகம் திரும்பினார். அன்று பிற்பகல் அவர், பிரெஸ்தே செய்ய வேண்டிய முறைப்படி, கையில் ஒரு புட்டியும் சிறு கிண்ணமும் ஏந்தி ஒவ்வொரு மேசையாகப் போய் அழைத்தார்.

“ஞாயித்துக்கிழம என் விருந்து. எல்லாரும் வரணும். பீர் கொண்டாராதீங்க, ஆளுக்கு ஒரு சுமை மண்ணு கொண்டாங்க.”

“மண்ணா?” என்றார் செனோபியோ.

“மண்ணுதான். உன் மணல் வேண்டாம். இயக்குநர் வண்டிக்கடியில இருக்கு பாரு, அது.”

நாங்கள் ரெமிஹியோவைப் பார்த்தோம். ரெமிஹியோ கிண்ணத்தைக் காலி செய்தார். முதல் சொட்டைத் தரையில் விடவும் மறக்கவில்லை.

“பிரெஸ்தே கேட்டதக் கொண்டுபோகாம இருக்க முடியுமா? காறித் துப்புவாங்க.”

இயக்குநர் ஞாயிறுகளில் பள்ளத்தாக்கிலுள்ள தம் தோட்ட வீட்டில் இருப்பார். நாங்கள் அந்த ஞாயிறன்று அவருடைய வண்டி நிறுத்துமிடத்தைச் சுரண்டியெடுத்து, கோடுபோட்ட சுமைத்துணிகளில் கட்டி, முதுகில் ஏற்றிப் படிக்கட்டுத் தெருவுக்குக் கொண்டுபோனோம். சந்தைப் பெண்கள் பாதிவழியில் வந்து பாதியை வாங்கிக்கொண்டார்கள். நாயைத் தார்கியே வெளியே எடுத்துக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். மண்ணைக் கொட்டக் கொட்ட அதன்மேல் மொரெனாதா ஆடினோம். எந்தப் பூட்சுகள் விளிம்பை உடைத்தனவோ அதே பூட்சுகள் மண்ணை இறுக்கின. மாலைக்குள் குழி இருந்த இடம் தெருவாகிவிட்டது. பசிலியா முதல் அகப்பை அபியை அந்த மண்ணில் ஊற்றினார். பிறகு கடைக்கு முன்னால் நான்கு பேர் நின்று, நேராக நின்று, குடித்தார்கள்.

திங்கட்கிழமை இயக்குநரின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அது பொறுக்கத்தக்க குற்றமே. ஆனால் அந்த வியாழக்கிழமை, மற்ற நகரங்களின் குடிநீர் நிறுவனங்களிலிருந்து ஒரு குழு எங்கள் பொறுப்புணர்வைப் பார்வையிட வரவிருந்தது. நிகழ்ச்சிநிரலில் முதல் இடம், குழி.

விசாரணை கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும் நடந்தது. மரியேலா அழுதார்.

“ஒரு குழிய நம்பி உங்க கையில குடுத்தோம், ஃப்ளோரென்சியோ. இப்ப அது எங்க?”

“மூடிட்டேன், லிசென்சியாதா. மூடுறதுதானே பொறுப்பு?”

“இல்ல தார்கி,” என்றார் இயக்குநர், குழந்தைக்கு எடுத்துச் சொல்பவரைப்போல. “குழி இருக்கிற வரைக்கும்தான் குழிக்குப் பொறுப்பாளர் இருக்க முடியும். அத மூடிட்ட நீங்க இப்ப எதுக்குப் பொறுப்பு? எதுக்கும் இல்ல. அப்படின்னா நீங்க யாரு? பொறுப்பில்லாத ஆளு. பொறுப்பில்லாத ஆளுக்கு இங்க நாற்காலி இல்ல. இது என் முடிவு இல்ல, உங்க முடிவு. நீங்களே எடுத்த முடிவ நான் மதிக்கிறேன்.”

பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “இவர்கூட மண்ணு சுமந்தது யாரு?”

நாங்கள் அன்று காலையிலும் கண்ணாடி முன் நின்று, நெஞ்சில் கைவைத்து, ‘நானே பொறுப்பு’ என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தோம். எங்களுள் சிலருடைய நகக்கண்களில் செம்மண் இருந்தது. நாங்கள் எல்லோரும் தார்கியைப் பார்த்தோம். பகிர்ந்த பொறுப்பு பாதிப் பொறுப்பு. நாங்கள் அதைப் பகிரவில்லை, முழுவதையும் அவருக்கே கொடுத்தோம். அவரும் வாங்கிக்கொண்டார். பட்டையைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தார். சலவை செய்து தர வேண்டும் என்று அது திருப்பித் தரப்பட்டது.

புதன்கிழமை காலை ரெமிஹியோவின் ஆட்கள் குழியை மீண்டும் தோண்டினார்கள். பசிலியா மண்வெட்டிகளின் முன்னால் போய் நின்றார். ரெமிஹியோ அவர் முகத்தைப் பார்க்காமல், “தள்ளிக்கக்கா, மேலிடத்து உத்தரவு” என்றார்.

“என் அபியக் குடிச்ச வாயாடா இது?”

ரெமிஹியோ அவரைச் சுற்றிப் போய்த் தோண்டத் தொடங்கினார். நண்பகலுக்குள் வேலை முடிந்தது. எங்கள் நிறுவனம் ஒரு வேலையைக் குறித்த நேரத்துக்கு முன்பே முடித்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. மண் புதிது என்பதால் குழி முன்னிலும் அகலமாக அமைந்தது. தோண்டிய மண் இம்முறை நேராகவே வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனது.

வியாழக்கிழமை விருந்தினர் வந்தனர். குழியைச் சுற்றி நின்றனர். அதன் ஆழத்தை வியந்தனர். தங்கள் ஊரில் எல்லாக் குழியும் பொறுப்பாளர் இல்லாமல் கிடக்கிறது என்று ஒருவர் வெட்கத்துடன் ஒப்புக்கொண்டார். புதிய பொறுப்பாளராகச் செனோபியோ பட்டை அணிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மழை பெய்தது.

வெள்ளம் விளிம்பை அரித்தது, பிறகு மேசையை இழுத்தது. மேசையோடு அடுப்பும் அண்டாவும் போயின. பசிலியாவை அடுத்த கடைக்காரி சால்வையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் சேர்த்தாள். மழை விட்டதும் ஒருவர் கயிறு கட்டி உள்ளே இறங்கி, நசுங்கிய அண்டாவை மேலே தூக்கிக் கொடுத்தார். அவர் தார்கி. அப்போது அவர் எதற்கும் பொறுப்பாளர் அல்லர்.

பசிலியா அந்த அண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இனி அவருக்குச் சந்தையில் இடம் இல்லை. அது குழிக்குள் இருந்தது. அவர் புகார்ச் சாளரத்தின் முன்னால் வந்து நின்றார்.

சாளரத்தில் ஆள் இல்லை. தார்கியின் இடத்துக்கு வேறொருவரை அமர்த்துவது வீண் செலவு என்று கண்டு, அவர் முகம் தெரிந்துகொண்டிருந்த இடத்தில் நிர்வாகம் ஒரு நிலைக்கண்ணாடியைப் பொருத்தியிருந்தது. பசிலியா அதில் தம் முகத்தைப் பார்த்தார். சேறு படிந்த தொப்பியைப் பார்த்தார். கீழ்ச் சட்டத்தில் இருந்ததை மெல்ல எழுத்துக் கூட்டிப் படித்தார்: இதோ பொறுப்பாளர்.

“ஓஹோ,” என்றார். “நான்தானா?”

தொப்பியை நேராக்கிக்கொண்டார். பிறகு, வாய் நிறையக் கூட்டி, கண்ணாடியின் நட்ட நடுவில் காறித் துப்பிவிட்டு, அண்டாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அந்த மாத அறிக்கையில், புகார்தாரர் பொறுப்பாளரை நேரில் சந்தித்துத் தம் கருத்தைத் தெரிவித்ததாகவும், புகார் முடிக்கப்பட்டதாகவும் மரியேலா எழுதினார். கண்ணாடியைத் துடைக்கவும் ஒரு பொறுப்பாளர் நியமிக்கப்பட்டார். அவருக்குப் பட்டை அணிவித்து, பேண்டு வாசித்து, விருந்தும் நடந்தது. துணி மட்டும் இன்னும் வழங்கப்படவில்லை.

எனவே அந்த எச்சில் அங்கேயே காய்ந்து கிடக்கிறது. காலையில் அந்த வழியாக உள்ளே நுழையும்போது, நெஞ்சில் கைவைத்து நாங்கள் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறோம். எவர் நின்று பார்த்தாலும் அது சரியாக அவர் முகத்தின்மேல்தான் இருக்கிறது.